பாட்டு முடியும்வரை

சோஃபியா டீச்சர் பொய் சொல்வார் என்று போன வருடம் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரே தேசியப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் இசை ஆசிரியையாக இருந்தவர் அவர். அதில் இருபத்து நாலு வருடம், ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நான் ஹமீதா, கணக்கு டீச்சர். எங்களுக்கெல்லாம் தலைவலி என்றாலே மெடிக்கல் லீவு ஞாபகம் வரும். அவர் நூற்றிரண்டு காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து, அதை எங்கள் எல்லாருக்கும் ஒட்டவைத்துவிட்டுப் போவார். அப்படி ஒரு நேர்மை.

அப்பேர்ப்பட்டவர் மூன்று வாரமாகப் பெற்ற மகனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரிந்தது ஆகஸ்ட் மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை காலைகளில் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் டீ குடிப்பது எங்கள் வழக்கம். தேசிய தின மாதம் என்று மார்க்கெட் ஸ்திரீட் முழுக்கக் கடைக்குக் கடை கொடி கட்டியிருந்தார்கள். சேலைக்கடைக்காரர் ஏணியில் நின்று கொடியைக் கட்டிவிட்டுக் கீழே இறங்கி, தலைகீழாக இல்லையே என்று மூன்று முறை பார்த்துக்கொண்டார். தலைகீழாகக் கட்டியவர் மேல் போலீஸ் கேஸ் ஆகிற இந்தக் காலத்தில் அந்தப் பயம் எல்லாருக்கும் இருக்கிறது.

“பேட்ரிக் சூராட் பெரானா கேக்குறான், ஹமீதா,” என்றார் டீச்சர். “காணோம், தேடிக்கிட்டு இருக்கேன்னு சொல்லிட்டேன்.”

பிறப்புச் சான்றிதழைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். மற்ற வீடுகளில் அது காணாமல் போனால் நம்பலாம். டீச்சர் வீட்டுப் பீரோவில் 1994-ம் வருட மின்கட்டண ரசீதுகூட இருக்கும்.

“உங்க வீட்லயா காணோம்? யாருகிட்டக்கா கதை விடுறீங்க?”

கைப்பையைத் திறந்து காட்டினார். ஜெபமாலைக்கும் மடக்குக் குடைக்கும் நடுவில் மகனின் சான்றிதழ் இருந்தது. வீட்டில் வைத்தால் கணவர் ரேமண்ட் எடுத்து அனுப்பிவிடுவார் என்று, மூன்று வாரமாகக் கையோடு கொண்டு அலைந்திருக்கிறார். பாசார் சந்தைக்கும் கோயிலுக்கும் பல் டாக்டரிடமும்கூட அது அவரோடு போய் வந்திருக்கிறது.

பேட்ரிக் அவருக்கு ஒரே மகன். முப்பத்து மூன்று வயது, சிங்கப்பூரில் எஞ்சினியர். அங்கேயே கல்யாணமாகி இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. இப்போது அந்த நாட்டுக் குடியுரிமை அவனுக்குக் கிடைக்கப்போகிறது. நம் சட்டத்தில் இரண்டு நாடுகளை வைத்துக்கொள்ள முடியாது. அதை வாங்க வேண்டுமென்றால் இதைக் கொடுத்தாக வேண்டும். பாஸ்போர்ட்டும் அடையாளக் கார்டும் அவனிடமே இருந்தன. பிறப்புச் சான்றிதழ் மட்டும் பினாங்கில், அம்மாவின் கைப்பையில். ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் ஒப்படைக்க அவனுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

டீச்சரைப் பற்றி ஒரு விஷயம் தெரியாமல் இந்தக் கதை விளங்காது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் பெட்டிமேல் ஏறி நின்று தேசிய கீதத்துக்குக் கை அசைத்துப் பாட வைத்தது அவர்தான். முப்பத்தொரு வருடமும் அவர்தான். பாட்டு தொடங்கினால் முடியும்வரை ஒரு ஆள் அசையக் கூடாது. கொசு கடித்தால் கடிக்கட்டும். ஒரு தடவை கழிப்பறைக் குழாய் பழுதுபார்க்க வந்தவன் பாட்டு நடுவில் துளை போடும் மெஷினை ஓட்டிவிட்டான். டீச்சர் பாட்டை நிறுத்தி, அவனையும் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தி, முதலிலிருந்து பாட வைத்தார். பாவம், பங்களாதேஷ்காரன். அவனும் வாயை அசைத்தான்.

2004-ல் ஒரு திங்கட்கிழமை. பாட்டு பாதியில் இருக்கும்போது அலுவலகக் கிராணி, அதாவது குமாஸ்தா, ஓடிவந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். டீச்சருடைய அப்பா சுங்கை பாக்காப்பில் இறந்துபோன சேதியைக் கொண்டுவந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்த உடனே டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கை நிற்கவில்லை. கடைசி வரி வரைக்கும் அசைத்து முடித்து, இறங்கி, “எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. மரக்கட்டையா இவர் என்று நினைத்தேன்.

பிறகுதான் அந்த அப்பாவின் கதையைச் சொன்னார். மூன்று வயதில் கப்பலில் வந்து, ஐம்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மனிதர். கையில் இருந்தது சிவப்பு ஐ.சி., அடையாளக் கார்டு. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் குடிமகன் இல்லை என்று அதற்கு அர்த்தம். குடிமகனுக்கான நீல ஐ.சி.க்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு இருபத்திரண்டு வருடம் காத்திருந்தார். கிடைத்த அன்று தோட்டத்தில் வீடு வீடாகப் போய்க் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு தேர்தல் விடாமல் முதல் ஆளாக வரிசையில் நின்றவர். ஆள் இறந்தால் ஐ.சி.யைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடக்கம் முடிந்து அதைக் கொண்டுபோய்க் கவுண்டரில் கொடுத்தது டீச்சர்தான். அங்கே இருந்த பெண் அதை வாங்கி டிராயரில் போட்டு, அடுத்த நம்பரைக் கூப்பிட்டாளாம்.

அப்படியானால் டீச்சருக்கு நாட்டின்மேல் குறையே இல்லையா என்று கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன். பேட்ரிக் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் முடித்து, தாளில் ஒரு மாசு இல்லாத ரிசல்ட்டோடு எஞ்சினியரிங் கேட்டான். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அவனுக்குக் கொடுத்தது தோட்ட நிர்வாகப் படிப்பு. ரேமண்ட் அண்ணன் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “தாத்தா வெளிய வந்த கேட்டு வழியா பேரன உள்ள அனுப்புறானுங்க லா!” என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. தன் சுத்தமான மலாயில் மூன்று மேல்முறையீட்டுக் கடிதம் எழுதினார். மூன்றுக்கும் வருந்துகிறோம் என்று ஒரே பதில் வந்தது. கையெழுத்து போட்டவரின் பெயர் மட்டும் மாறியிருந்தது. பேட்ரிக் சிங்கப்பூரில் கிடைத்த இடத்துக்குப் போய்விட்டான்.

அவனைப் பட்டர்வொர்த்தில் பஸ் ஏற்றிவிட்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள். டீச்சர் பெட்டிமேல் ஏறி எப்போதும் போலக் கை அசைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “எப்படிக்கா உங்களால முடியுது?” என்று கேட்டேன். “பாட்டு என்ன பண்ணுச்சு, ஹமீதா?” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கும் பேசத் தகுதி கிடையாது. எங்கள் வீட்டில் மகன் ஹாஃபிஸ் பிறந்தபோது, இனம் என்ற கட்டத்தில் என் கணவர் ஹைதர், மலாய்க்காரருக்குக் கிடைக்கும் முன்னுரிமைக்காக, மலாய் என்று எழுதினார் என்பதும், அதனால் பிறகு அவனுக்கு எந்தக் கதவெல்லாம் திறந்தது என்பதும் எனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை அதைப் பற்றி அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் அதை லேமினேட் செய்திருந்தார்.

இது ஒரு தனிப் பைத்தியம். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்க்க வரும் பெற்றோர் கசங்கிய சான்றிதழோடு வந்தால் டீச்சருக்குத் தாங்காது. “இது வெறும் பேப்பரா? இல்லாதவங்களக் கேட்டுப் பாருங்க, தெரியும்!” என்று திட்டி, எதிரில் இருக்கும் புத்தகக் கடைக்கு அனுப்பி பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வரச் சொல்வார். மலாய், சீனர், தமிழர் வித்தியாசம் இல்லை. எங்கள் வட்டாரத்தில் பாதிப்பேருடைய பிறப்புச் சான்றிதழ் அவரால்தான் பிளாஸ்டிக்குக்குள் போனது. அதன் பலனை என் கையில் பார்த்தேன். பினாங்குப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரத்தில் காற்றுப் புகுந்து, எழுத்தெல்லாம் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. பதிவு எண்ணில் பாதி இல்லை. அப்பா பெயரில் ‘ரே’ மட்டும்தான் மிச்சம்.

“இது எதுக்கும் ஆகாதுக்கா. நம்பரே தெரியல.”

“ஆகாதில்ல?” என்று அவசரமாகக் கேட்டார் டீச்சர். “அவனுக்கு உதவாதுதானே?”

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. அறுபத்து மூன்று வயசுப் பெண்மணி, வீட்டுப்பாடம் நனைந்துபோனதில் சந்தோஷப்படும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“பதிவிலாகாவுல கேட்டா புதுசு குடுக்கப் போறாங்க. நீங்க போய்க் கேக்கணும், அவ்வளவுதான்.”

“நானா?” என்றார். கோப்பையைத் தள்ளி வைத்தார். “எங்கப்பா நீல ஐ.சி.க்காக இருபத்திரண்டு வருஷம் நின்னாரு. அத அவரு செத்தப்புறம்தான் திருப்பி வாங்குனாங்க, ஹமீதா. இவன் உயிரோட இருக்கும்போதே குடுக்கப் போறான். அதுக்கு நானே போய் வரிசையில நிக்கணுமா?”

நான் இரக்கப்பட்டால் அவர் அந்தப் பையை இன்னும் பத்து வருடம் தூக்கிக்கொண்டு அலைவார் என்று தெரியும்.

“குடுக்காட்டி என்னக்கா, பேட்ரிக் பெட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்துருவானா? நாடும் வேண்டாம்னு போறான், அம்மாவும் பொய் சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சா அவனுக்கு இங்க என்ன மிச்சம் இருக்கு?”

சேலைக்கடைக்காரர் மறுபடி வெளியே வந்து கொடியை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

“திங்கக்கெழம காலையில வா,” என்றார் டீச்சர். எழுந்து குடையை விரித்தார். வெயில்கூட அப்போது அவ்வளவாக இல்லை.

திங்கட்கிழமை பதிவிலாகாவில் இரண்டு மணிநேரம் காத்திருந்தோம். இடுப்பு விட்டுப்போய்விட்டது. எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் கவுண்டருக்குப் போனோம். உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே எழுந்து நின்றுவிட்டாள்.

“சிகு சோஃபியா!”

சிகு என்றால் மலாயில் டீச்சர். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ரொஸ்னா என்று பெயர். எங்கள் பள்ளிப் பிள்ளை. என்னை அவளுக்கு ஞாபகம் இல்லை. கணக்கு டீச்சரை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? கவுண்டர் மேல் எட்டி டீச்சரின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். இனி அவள் மலாயில் பேசியதை நான் தமிழில் சொல்கிறேன்.

“நீங்க கை அசைக்கிறது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு டீச்சர். எங்கயாவது பாட்டு கேட்டா முதுகு தானா நிமிருது.”

டீச்சர் லேசாகச் சிரித்து, பழுப்புப் பிளாஸ்டிக்கை நீட்டினார். ரொஸ்னா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“லேமினேட் பண்ணிட்டீங்களா? என்னோடதும் இப்படித்தான். நீங்கதான் எங்கம்மாவத் திட்டிக் கடைக்கு அனுப்புனீங்க!” என்று வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு பெயரைப் பார்த்தாள். “பேட்ரிக்... கொடிக்கம்பத்துல கயிறு இழுப்பாரே, அந்த அண்ணனா? இப்ப எங்க இருக்காரு?”

“சிங்கப்பூர்ல.”

“நல்லதா போச்சு. இது எதுக்கு டீச்சர், பாஸ்போர்ட் புதுப்பிக்கவா?”

ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும். நான் டீச்சரின் கையை லேசாகக் கிள்ளினேன். மூன்று வாரம் மகனிடம் சொன்ன பொய்யை ஒரு கவுண்டர் பெண்ணிடம் சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது?

“இல்லம்மா,” என்றார் டீச்சர். “நம்ம குடியுரிமைய விடப் போறான். அதுக்குக் கேக்குறாங்களாம்.”

ரொஸ்னா குனிந்து தட்டச்சு செய்தாள். இவளும் நம்மைத் தப்பாகத்தான் நினைப்பாள் என்று எனக்குள் சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க அண்ணனும்தான் டீச்சர். மெல்பர்ன்ல. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.”

டீச்சர் அவளையே பார்த்தார். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளைத்தான் இந்த நாடு தள்ளிவிடுகிறது என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த கணக்கு இந்த மலாய்ப் பெண்ணிடம் கொஞ்சம் உதைத்தது. அவள் அண்ணன் எதற்காகப் போனானோ. கேட்கவும் தெம்பில்லை.

“சொல்லச் சொல்லும்மா,” என்றார் டீச்சர். “கடைசியில தெரிஞ்சா தாங்க மாட்டாங்க.”

எல்லாம் முடிந்து புதுச் சான்றிதழ் கைக்கு வந்தது. எழுத்தெல்லாம் பளிச்சென்று, ரேமண்ட் முழுசாக, பதிவு எண் முழுசாக. குடியுரிமை என்ற இடத்தில் குடிமகன் என்று கறுப்பாக அச்சாகியிருந்தது. குடிமகன் இல்லாமல் போவதற்கு முதலில் குடிமகன் என்று காட்ட ஒரு தாள் வேண்டியிருக்கிறது. யார் யோசித்த ஏற்பாடோ. “இதையும் பிளாஸ்டிக்ல போட்டுறாதீங்க டீச்சர்,” என்றாள் ரொஸ்னா. டீச்சர் சரி என்று தலையாட்டினார். அன்றைக்கே கூரியரில் அனுப்பினோம். பழுப்புப் பிளாஸ்டிக் மறுபடி கைப்பைக்குள் போனது. அதை ஏன் இன்னும் தூக்குகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை 29-ம் தேதி வந்து போனது. பேட்ரிக் கூப்பிடவில்லை. சனிக்கிழமையும் கூப்பிடவில்லை. டீச்சர் தானாக அழைக்கவும் மாட்டேன் என்றார். “அவனுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கூப்பிடட்டும்.” சனிக்கிழமை தே தாரிக் குடிக்கவும் வரவில்லை. எனக்கு மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை காலை, நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலம் மூன்று வாங்கிக்கொண்டு பூலாவ் திக்குஸில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். ஆகஸ்ட் 31. தேசிய தினம்.

வாசல் கிரில்லில் எப்போதும் போலக் கொடி கட்டியிருந்தது. உள்ளே டி.வி.யில் அணிவகுப்பு தொடங்கப் போகிறது. ரேமண்ட் அண்ணன் சாய்வு நாற்காலியில் இருந்தார். முப்பது வருடம் ஃபெரிப் படகில் வேலை பார்த்தவர். பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் தினம் பத்துத் தரம் போய் வந்துவிட்டு, எங்கேயும் போகாதவன் நான் ஒருத்தன்தான் என்பார். டி.வி.யில் பாட்டு வந்தால் டீச்சர் வீட்டிலும் எழுந்து நிற்பார். அண்ணன் முட்டி வலி என்று உட்கார்ந்திருப்பார். நானும் வந்த இடத்தில் மரியாதைக்காகப் பாதி எழுந்து, சோபாவின் கைப்பிடியில் சாய்ந்து நிற்பேன். இதெல்லாம் பல வருடப் பழக்கம்.

அன்றும் பாட்டு தொடங்கியது. டீச்சர் எழுந்து கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி நின்றார். இரண்டு இரவு தூங்காத முகம். இரண்டாவது வரியில் மேசைமேல் இருந்த கைப்பேசி அடித்தது. திரையில் பேட்ரிக்கின் படம், மடியில் குழந்தையோடு.

யாரும் அசையவில்லை. ரேமண்ட் அண்ணன் மனைவியைப் பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா இறந்த சேதிக்கே திரும்பாதவர் இதற்கா திரும்புவார் என்று நான் நினைத்தேன். இரண்டு நாள் தைரியம் சேர்த்துக் கூப்பிடுகிறான் பையன், நின்றுவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவானோ என்றும் நினைத்தேன். டீச்சரின் விரல்கள் மட்டும் சேலையைப் பிடித்துப் பிடித்து விட்டன.

பிறகு அவர் இரண்டு எட்டு வைத்துப் போய்ப் போனை எடுத்தார்.

“சொல்லுப்பா.”

அந்தப் பக்கம் என்ன என்று கேட்கவில்லை. டீச்சர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். டி.வி.க்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“குடுத்துட்டியா?... சரி. சரிப்பா, நான் ஒன்னும் நெனைக்கல. அழாத. பாப்பா பயந்துக்கப் போறா.”

ரேமண்ட் அண்ணன் சத்தத்தைக் குறைக்க ரிமோட்டை எடுத்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். எப்போது சோபாவை விட்டு விலகி நேராக நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் அவர் ஒருத்தர் நின்ற பாட்டு. பாதியில் விட எனக்கு மனசு வரவில்லை.

“சாப்பிட்டியா?” என்று பின்னால் டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். “போய் முதல்ல சாப்பிடு. தீபாவளி லீவுக்குப் பாப்பாவக் கூட்டிக்கிட்டு வா. அதுக்கு ஒன்னும் சூராட் கேக்க மாட்டாங்கல்ல?”

பாட்டு முடிந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.